மின்சைக்கிளும் வீதியின் உரிமையும்

வேலைநாட் காலையொன்றிலே கொழும்பின் காலி வீதியோரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நாம் புதிதாக எதையும் சொல்லவேண்டியதில்லை. ஒரு தொன் எடையுள்ள காருக்குள் ஒரே ஒரு மனிதர் அமர்ந்திருக்கின்றார். பஸ்ஸின் மிதிபலகையிலே பலர் தொங்குகின்றனர். இவ்விரண்டுக்குமிடையே, வடிகாலின் ஓரத்தை ஒட்டி, உயிரைக் கையிற் பிடித்தவாறு ஒருவர் துவிச்சக்கரவண்டியிற் செல்கின்றார். வரி கொடுப்போர் எல்லோரும். வீதியை ஆள்வோர் ஒரு சிலர்.

இம்மூன்றாமவரின் வண்டியிலே சிறியதொரு மோட்டாரையும் பற்றரியையும் பூட்டினால் அதுவே மின்சைக்கிள். மிதிப்பவரின் வலுவோடு மோட்டார் தன் வலுவையும் சேர்க்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, சாதாரண சைக்கிளாகக் கொள்ளப்படுவதற்கு மோட்டாரின் வலு 250 வாற்றுக்கும், அது துணைசெய்யும் வேகம் மணிக்கு 25 கிலோமீற்றருக்கும் மேற்படலாகாது. தெஹிவளையிலிருந்து கோட்டைக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ 20 கிலோமீற்றர். இத்தகைய வண்டிக்கு அதற்கு அரை அலகு மின்சாரமே அதிகம். மோட்டார் சைக்கிளோ அதே தூரத்துக்கு ஏறத்தாழ அரை லீற்றர் பெற்றோலைக் குடித்துவிடும்.

இக்கணக்கின் பொருளை 2022ஆம் ஆண்டு நமக்கு நன்றாகவே கற்பித்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாவாயிற்று. அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லையென்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் வரிசைகளிலே மனிதர் இரவும் பகலும் காத்துக் கிடந்தனர். மின்சாரமும் அப்பொழுது தடைப்பட்டதல்லவா என்று கேட்பார் உளர். உண்மை, மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் விளக்கணைந்திருந்தது. எனினும், கிடைத்த சில மணிநேரத்தில் மின்னேற்றிய பற்றரி மறுநாள் ஒருவரை வேலைக்குக் கொண்டுசெல்லும். அதுவும் இல்லையென்றாற் கால்கள் இருக்கின்றன. பெற்றோல் தீர்ந்த காரை மிதித்துச் செலுத்த முடியுமா?

ஆயினும் இவ்வண்டியைச் சோம்பேறிகளின் சைக்கிள் என்று எள்ளி நகையாடும் கனவான்கள் இருக்கின்றனர். குளிரூட்டிய காருக்குள் இருந்துகொண்டு பிறருக்கு உடற்பயிற்சியை உபதேசிப்போர் இவர்கள். கொழும்பின் புழுக்கத்தில் பத்துக் கிலோமீற்றர் மிதித்து வரும் எழுதுவினைஞர், வியர்வையில் நனைந்த சட்டையோடு எட்டரை மணிக்கு மேசையில் அமரவேண்டும். அவருக்குக் குளிக்கும் அறையை எந்தக் காரியாலயம் கட்டிவைத்திருக்கின்றது? ஐம்பதைத் தாண்டிய தொழிலாளிக்கும், பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிட்டு வேலைக்கு விரையும் தாய்க்கும், எதிர்காற்றிலே சுமையோடு செல்லும் வியாபாரிக்கும் அச்சிறு மோட்டார் ஆடம்பரமன்று. எட்டாத தூரத்தை எட்டவைக்கும் கருவி.

இன்னொரு சாரார் நம் நண்பர்களைப் போலவே பேசுகின்றனர். ஒவ்வொருவரும் ஒரு மின்சைக்கிளை வாங்கிவிட்டால் நகரம் திருந்திவிடும் என்பது இவர்களின் சித்தாந்தம். வாங்குவதற்குப் பணம் எங்கே? வாங்கினாலும் மின்னேற்றுவது எங்கே? வாடகை அறையிலே நால்வரோடு தங்கியிருக்கும் தொழிலாளிக்கு மின்செருகியின் உரிமைகூட வீட்டுக்காரரின் தயவிலே தங்கியிருக்கின்றது. மலிவான, தரங்குறைந்த பற்றரிகள் மின்னேற்றும்போது தீப்பற்றுவதும் உண்டு. அவ்வாறு எரிவது செல்வரின் மாளிகையன்று. எல்லாத் தடையையும் கடந்து வண்டி வீதிக்கு வந்தாலும், அதற்குரிய இடம் அதே வடிகாலோரந்தான். சமூகம் தீர்க்கவேண்டிய பிரச்சினையைத் தனிமனிதரின் பணப்பையில் திணிப்பதற்குச் சீர்திருத்தம் என்று பெயரிட நாம் ஒருப்படோம்.

வீதியைக் காருக்கென்று எந்த இயற்கை விதியும் எழுதிவைக்கவில்லை. இன்று சைக்கிள் நாடெனப் புகழப்படும் நெதர்லாந்தின் கதையை நோக்குக. 1971ஆம் ஆண்டில் அங்கு வீதி விபத்துக்களிலே மூவாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மறு ஆண்டிலே, 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்னும் பெயரோடு ஓர் இயக்கம் எழுந்தது. மக்கள் தெருக்களை மறித்தனர். 1973இன் எண்ணெய் நெருக்கடியில், காரில்லாத ஞாயிறுகளிலே வெறும் வீதியின் அழகையும் கண்டனர். அவர்களின் தனிப் பாதைகள் ஆள்வோரின் கருணையால் விளைந்தவையல்ல, போராடிப் பெற்றவை. நாமும் 2022இல் நெருக்கடியைக் கண்டோம். சைக்கிள்களைத் தேடி ஓடினோம். பெற்றோல் திரும்பியதும், கேட்கவேண்டியதைக் கேட்காமலே பழைய நெரிசலுக்குத் திரும்பினோம்.

இப்பொழுதாவது கேட்போம். பிரதான வீதிகளிலே, கற்கட்டினாற் பிரிக்கப்பட்ட தனிப்பாதை வேண்டும். வெறும் வெள்ளைக்கோடு போதாது. தொழிற்சாலைகளிலும் புகையிரத நிலையங்களிலும் வண்டியைப் பூட்டிவைக்கவும் பற்றரிக்கு மின்னேற்றவும் இடம் வேண்டும். மாதச் சம்பளத்தில் வாழ்வோருக்குக் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். பற்றரிக்குத் தரக் கட்டுப்பாடும், பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு இறக்குமதி செய்வோருக்கும் வேண்டும்.

இதற்கெல்லாம் வீதியில் இடமில்லை என்பர். ஒரு கார் நிற்கும் இடத்திலே எட்டுச் சைக்கிள்களை நிறுத்தலாம். இடம் இருக்கின்றது, அது யாரிடம் இருக்கின்றது என்பதே கேள்வி. நாளைக் காலையிலும் வடிகாலோரத்தில் ஒருவர் உயிரைக் கையிற் பிடித்துச் செல்வார். அவர் மாலையிற் பத்திரமாக வீடு திரும்புவதை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடாத நகரத்தையே நாம் கோருகின்றோம்.