விளையாட்டுக் கணக்கும் ஏட்டுக் கணக்கும்: இடையில் பாலம் எங்கே?

புது தில்லி: தெற்குக் கொல்கத்தாவின் கரியாஹாட், நடைபாதைக் கடைகளுக்குப் பெயர் பெற்ற பகுதி. விலை பேசி வாங்குவதே அங்கு வழக்கம். இத்தகைய சந்தைகளில் விற்பனையில் ஈடுபடும் சிறார்கள் எடை, விலை, மீதிச் சில்லறை அனைத்தையும் மனக்கணக்காகவே போட்டுவிடுகின்றனர். ஆனால், அதே அளவுக் கடினமான கணக்கைப் பாடநூல் வடிவில் தந்தால் திணறுகின்றனர்.

2019-ம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வில் இது உறுதியானது. 2025 பிப்ரவரியில் "நேச்சர்' இதழில் வெளியான இந்த ஆய்வு, கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறார்களிடம் மேற்கொள்ளப்பட்டது. விற்பனை அனுபவம் இல்லாத 471 பள்ளி மாணவர்களிடம் நிலைமை நேர் எதிராக இருந்தது. எளிய ஏட்டுக் கணக்குகளை அவர்கள் சரியாகச் செய்தனர். ஆனால், சந்தைச் சிறார்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் விடை கண்ட ஒரு சந்தைக் கணக்குக்கு, மாணவர்களில் 1 சதவீதத்தினரே சரியான விடை அளித்தனர்.

விளையாட்டு வழிக் கல்விக்கும் இதில் பாடம் உண்டு. தில்லியில் 214 மழலையர் மையங்களைச் சேர்ந்த 1,540 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017-ல் "சயின்ஸ்' இதழில் வெளியானது. நான்கு மாதங்கள் கணித விளையாட்டுகளை ஆடிய குழந்தைகளிடம் அளவையும் வடிவத்தையும் உணரும் திறன் வளர்ந்து நிலைத்தது. எனினும், பின்னர் பள்ளிக் கணிதம் பயில்வதில் அவர்களுக்குக் கூடுதல் அனுகூலம் கிட்டவில்லை.

2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிக் கற்றலை வலியுறுத்துகிறது. இதற்கென பொம்மைகள், புதிர்கள், கதைப் புத்தகங்கள் அடங்கிய "ஜாதுயி பிடாரா' (மாயப் பெட்டி) 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. அனைத்துக் குழந்தைகளும் 2026-27-ம் ஆண்டுக்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பது 2021-ல் தொடங்கிய "நிபுண் பாரத்' திட்டத்தின் இலக்கு.

பெட்டியை வழங்குவதால் மட்டும் இந்த இலக்கு கைகூடிவிடாது. பல்லாங்குழி ஆடும் குழந்தை, குழியில் உள்ள முத்துகளை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையை வாயால் சொல்லவும், இலக்கமாக எழுதவும், கூட்டல் குறியுடன் பொருத்தவும் அதே வேளையில் யாரேனும் கற்றுத்தர வேண்டும். அப்போதுதான் விளையாட்டு பாடமாக மாறும். இந்தப் பொறுப்பு பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளர்களையே சேர்கிறது. சத்துணவு, எடை பார்த்தல், பதிவேடுகள் எனப் பல பணிகளைச் சுமப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு மழலையர் கல்விப் பயிற்சி அளிக்க 2023 மே மாதம் மத்திய அரசு தனித் திட்டம் தொடங்கியது. பயிற்சியுடன், கற்பிக்கப் போதிய நேரமும் கிடைக்க வழி செய்தாக வேண்டும்.

சந்தைச் சிறார்களின் திறமை, குழந்தை உழைப்புக்கு நியாயம் ஆகாது. குடும்பத் தொழிலிலும் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டுமே சிறுவர்கள் உதவலாம் என்கிறது 2016-ம் ஆண்டின் சட்டத் திருத்தம். கணக்கு நன்கு அறிந்த ஒரு சிறுவனைக் கணக்கு வராதவன் என்று வகுப்பறை ஒதுக்கிவிட்டால், அவன் நிரந்தரமாகச் சந்தைக்கே திரும்பும் அபாயம் உள்ளது. அவன் அறிந்ததிலிருந்து பாடத்தைத் தொடங்குவதே அதைத் தடுக்கும் வழி.