அளவறிந்து ஊட்டுவோம்

(பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி)

நன்றிக்கு எடுத்துக்காட்டாக நாயைச் சொல்வது நம் நாட்டு வழக்கம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் அவனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற 'கோவிவன்' என்ற நாயும் உருவோடும் பெயரோடும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாய்க்கும் பெயர் சொல்லிக் கல்லில் எழுதிய மரபு நம்முடையது. அம்மரபில் வந்த நாம், நம் வீட்டிற்குப் புதிதாக வரும் நாய்க்குட்டிக்கு என்ன ஊட்டுகிறோம், எவ்வளவு ஊட்டுகிறோம் என்பதைச் சற்றே சிந்திக்க வேண்டாமா?

இன்று நம் புதுக்கோட்டையிலும், அறந்தாங்கி, கீரனூர், பொன்னமராவதி போன்ற ஊர்களிலும் பெரிய இன நாய்களை வளர்க்கும் ஆசை பலருக்கு இருக்கிறது. தோப்புக் காவலுக்கு ராஜபாளையம் வேண்டும் என்பார் ஒருவர். வீட்டு வாசலில் அல்சேஷியன் நின்றால்தான் மதிப்பு என்பார் மற்றொருவர். லாப்ரடார் வேண்டுமென்று அடம் பிடிக்கும் தம்பி தங்கையரும் உண்டு. குட்டி வீட்டிற்கு வந்த அன்றே எல்லோருக்கும் ஒரே அவசரம்: 'சீக்கிரம் பெரிதாக வளர வேண்டும்.' அதற்காகப் பால், முட்டை, கறி, கால்சியம் டானிக் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கொடுக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆயினும், பெரிய இனக் குட்டியை வேகமாக வளர்க்க முயல்வதே நாம் அதற்குச் செய்யும் முதல் தீங்கு என்பது என் கருத்து. ஏன் என்று கூறுகிறேன்.

மனிதக் குழந்தை பிறக்கும்போது ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். அது 50 கிலோ எடையை எட்டப் பதினாறு, பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. கிரேட் டேன் என்னும் பேரின நாயோ, பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலாக இருந்து, ஒன்றரை ஆண்டுக்குள் 50 கிலோவையும் தாண்டிவிடுகிறது. நமக்குப் பல ஆண்டுகளில் நடக்கும் எலும்பு வளர்ச்சி அதற்குச் சில மாதங்களில் நடந்து முடிகிறது. அந்தச் சில மாதங்களில் எலும்பின் முனைகள் இன்னும் குருத்தாகவே இருக்கும். அப்போது உடல் எடை விரைந்து ஏறினால், முற்றாத எலும்பின்மேல் பெரும் பாரத்தை ஏற்றியது போலாகும். காய்வதற்கு முன்பே மண்சுவரின்மேல் கூரை போட்டால் சுவர் என்ன ஆகும்? குட்டியின் கதையும் அதுவே. முன்னங்கால் வளைகிறது, இடுப்பு மூட்டு பிசகுகிறது, குட்டி நொண்டுகிறது.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை இரு பிரிவாக்கி வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு விரும்பிய மட்டும் சத்துணவு. மற்றதற்கு அதே உணவு, ஆனால் அளவு குறைவு. 1974 இல் வெளியான அந்த ஆய்வின்படி, வயிறு நிறைய உண்டு விரைந்து வளர்ந்த குட்டிகளுக்கே எலும்பு, மூட்டுக் கோளாறுகள் மிகுதியாக வந்தன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக் கழகத்தார் 1980-களில் செய்த ஆய்வுகளில், சுண்ணாம்புச் சத்தை மிகுதியாகத் தின்ற குட்டிகளுக்கும் எலும்பு வளர்ச்சி கெட்டது தெரிந்தது.

மற்றொரு செய்தி இன்னும் வியப்பானது. 48 லாப்ரடார் நாய்களை இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாக உணவளித்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். 2002 இல் வெளியான முடிவு இதுதான்: நிறைய உண்ட நாய்களின் சராசரி ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்து உண்டவற்றிற்கு 13 ஆண்டு. மூட்டு நோயும் இவற்றிற்குத் தாமதமாகவே வந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னது நாய்க்கும் பொருந்துகிறது அன்றோ?

"அப்படியானால் குட்டியைப் பட்டினி போடச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை, தோழியரே! குறையும் கேடுதான். நம் வீடுகளில் இரண்டு தவறுகளும் நடக்கின்றன. வசதியுள்ள வீட்டில் மிகுதி. மற்ற வீடுகளில் குறை.

குறை எப்படி வருகிறது என்று பார்ப்போம். மீந்த சோற்றில் ரசமோ குழம்போ ஊற்றி வைப்பது நம் பழக்கம். ஊர் நாய் அதைத் தின்றும், அங்கும் இங்கும் தேடித் தின்றும் எப்படியோ பிழைத்துக்கொள்கிறது. கட்டிப்போட்ட பெரிய இனக் குட்டியால் அது இயலாது. சோற்றில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். சரி, கறி போட்டால் போதுமே என்றால், எலும்பில்லாத கறியிலும் சுண்ணாம்புச் சத்து அவ்வளவே. ஆனால் பாஸ்பரஸ் அதைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரசுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். சோறும் கறியும் மட்டுமே தின்னும் குட்டியின் உடல், இரத்தத்திற்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே கரைத்து எடுக்கிறது. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் உள்ளே எலும்பு மெலிந்து, சிறு குதிப்பிலேயே முறிந்துவிடும்.

இதைக் கேட்டவுடன் கால்சியம் டானிக் புட்டியைத் தேடி ஓட வேண்டாம். அங்கேதான் அடுத்த இடர் இருக்கிறது. வளர்ந்த நாயின் குடல் தேவையான சுண்ணாம்பை மட்டும் ஏற்று மிச்சத்தைப் பெரும்பாலும் தள்ளிவிடும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிக்கு அந்தத் திறமை போதிய அளவு இல்லை. கொடுத்ததில் பெரும்பகுதி உடலில் ஏறிவிடும். கடையில் விற்கும் முழுமையான குட்டி உணவில் வேண்டிய சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் டானிக்கும் ஊற்றினால் மிகுதியாகிறது. ஆதலால் டானிக் என்பது மருத்துவர் குட்டியை எடை போட்டு, அது தின்பதைக் கேட்டறிந்து, அளந்து எழுதித் தர வேண்டிய மருந்து. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் மிட்டாய் அன்று.

சரியான உணவு எது? பொட்டல உணவு வாங்கக் கூடியவர்கள் பொட்டலத்தின் முன்பக்கப் படத்தைப் பார்த்து மயங்காமல் பின்பக்க எழுத்தைப் படிக்க வேண்டும். 'பப்பி' என்று மட்டும் இருந்தால் போதாது. 'லார்ஜ் பிரீட் பப்பி', அதாவது பெரிய இனக் குட்டிக்கு உரியது என்று இருக்க வேண்டும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் 2016 இல் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்தபின் 32 கிலோவோ அதற்கு மேலோ எடையுள்ள நாய்களின் குட்டி உணவில், ஈரம் நீக்கிய 100 கிராமுக்குச் சுண்ணாம்புச் சத்து 1.2 கிராமுக்குக் குறையாமலும் 1.8 கிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். புரதத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எலும்பைக் கெடுப்பது மிகுதியான மொத்த உணவும் மிகுதியான சுண்ணாம்புமே.

வீட்டிலேயே சமைப்பவர்கள் அரிசியோடு கேழ்வரகையும் சேர்க்கலாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், எலும்பில்லாத கோழிக்கறி, பூசணி, கேரட் ஆகியன நல்லவை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையிலிருந்து மீன் வரும் மாவட்டம் நம்முடையது. ஆயினும் உப்புக் கருவாடு குட்டிக்கு ஆகாது. மேலே கண்ட கணக்கைப் பார்த்தால், கேழ்வரகு மட்டும் தேவையை நிறைவு செய்யாது என்பதும் புலப்படும். ஆகையால் வீட்டுச் சமையலில் வளர்ப்போர் சுண்ணாம்பு, தாது உப்புகளின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே சேர்க்க வேண்டும். ஊர்தோறும் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. அண்டை மாவட்டத்து ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. மாட்டுக்குக் காட்டும் அக்கறையை நாய்க்கும் காட்டினால் என்ன?

கொடுக்கக் கூடாதவற்றையும் நினைவில் வையுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. குழம்புச் சோற்றில் வெங்காயம் இருப்பதை மறக்க வேண்டாம். வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். நம் மாவட்டத்தில் நிலக்கடலை விளைகிறது; பூஞ்சை பிடித்த கடலையிலும் புண்ணாக்கிலும் உள்ள நச்சு நாயின் ஈரலைக் கெடுத்துவிடும்.

எட்டு வாரம் நிறைந்த பின்பே குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். வந்த புதிதில் பழைய இடத்தில் தின்ற உணவையே கொடுத்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகப் புதிய உணவுக்கு மாற்ற வேண்டும். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை என அளந்து வைக்கலாம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலைச் சொல்லவும் வேண்டுமோ? குட்டிக்கு வயிறு மட்டும் பானை போல் இருந்தால் 'நன்றாகத் தின்கிறது' என்று மகிழ வேண்டாம். அது குடற்புழுவாக இருக்கலாம். புழு மருந்தும் தடுப்பூசியும் இல்லாமல் நல்ல உணவு மட்டும் பயன் தராது.

அளவு சரியா என்பதை எப்படி அறிவது? விலா எலும்பைக் கையால் தடவிப் பாருங்கள். மெல்லத் தொட்டாலே விரலுக்கு எலும்பு தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். எவ்வளவு அழுத்தியும் விலா தெரியவில்லை என்றால் உணவைக் குறைக்க வேண்டும். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் இயல்பிலேயே ஒல்லியான வேட்டை நாய்கள். "என்ன, எலும்பும் தோலுமாக இருக்கிறது? சோறு போடுவதில்லையா?" என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள். அந்தச் சொல்லுக்கு அஞ்சிக் குட்டியைக் கொழுக்க வைப்பவர்கள் பலர். ஊரார் வாய்க்காக நம் குட்டியின் கால் வளைய வேண்டுமா?

"மனிதருக்கே சோறு அரிதான வீடுகள் இருக்க, நாய்க்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று சில பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நான் கேட்பது ஆடம்பரம் அன்று. டானிக்கும், தேவைக்கு மேற்பட்ட கறியும், பிறகு வளைந்த காலுக்குச் செய்யும் வைத்தியமும்தான் வீண் செலவு. அளந்து கொடுப்பது சிக்கனம். பெரிய நாய்க்கு ஆண்டுதோறும் ஆகும் உணவுச் செலவைத் தாங்க இயலாதவர்கள், குட்டி வாங்குமுன்பே அதைக் கணக்கிட்டு, தெருவில் ஆதரவற்றுத் திரியும் நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாம். நம் வெயிலுக்கும் அது ஏற்றது. நன்றியிலும் அது குறைந்ததன்று.

ஏனெனில் இதில் பாதிக்கப்படுவது வாயில்லாச் சீவன். மதிப்புக்காக வாங்கிய குட்டி நொண்டத் தொடங்கியதும் சிலர் செய்வது என்ன? இரவோடு இரவாகப் புறவழிச் சாலையிலோ சந்தைத் திடலிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். அதன் காலைக் கோணலாக்கியதும் நாம்; கோணலென்று கைவிடுவதும் நாம். இது நீதியா?

தமிழ்நாட்டு நாய் இனங்களைக் காக்க அரசு 1980-81 இல் சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்க நிலையம் ஒன்றைத் தொடங்கியது. 2005 இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. பெருமைதான். ஆனால் அப்பெருமை நிலைப்பது நம் வீட்டுக் கொல்லையில் கட்டியிருக்கும் குட்டியின் நான்கு கால்களில் அன்றோ?

பெற்றோர்களே, குட்டி வாங்கும் முன் அதன் உணவைப் பற்றிக் கேட்டறியுங்கள். தோழியரே, உங்கள் வீட்டுக் குட்டியை வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அதையே காட்டுங்கள். குட்டி சற்று மெதுவாகவே வளரட்டும். அதனால் அது சிறுத்துப் போய்விடாது. தன் இனத்திற்குரிய உயரத்தைச் சில மாதம் பொறுத்து எட்டிவிடும். நம் அன்பைத் தட்டின் நிறைவால் அளக்காமல் குட்டியின் நலத்தால் அளந்து, நம்மை நம்பி வந்த உயிரை நேரான கால்களோடு வளர்ப்போமாக!