அப்பா வழியையும் கேளுங்கள்!



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று தமிழம்மா கேட்டபோது, ‘மார்பகப் புற்றுநோய்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தாளில் எழுதி நீட்டினேன். அவர்கள் படித்துவிட்டு, என்னை ஒரு கணம் பார்த்து, “எழுது” என்றார்கள். இதயம் என்கிறோம், நுரையீரல் என்கிறோம். இந்த ஓர் உறுப்பின் பெயரை மட்டும் விழுங்கிவிடுகிறோம். அப்படி விழுங்கியவர்களில் ஒருவர் என் அத்தை.

அத்தை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசாலையில் வேலை பார்த்தார்கள். மார்பில் கட்டி இருப்பதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மதுரைக்குக் கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. அப்போது அவர்களுக்கு வயது 38. “எல்லாம் வெடிமருந்து செய்த வேலை” என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். பட்டாசாலையின் ஆபத்துகள் என்னவென்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் என் அப்பத்தா பட்டாசாலை வாசலையே மிதித்ததில்லை. கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். அவர்களும் 45 வயதில், சினைப்பையில் வந்த கட்டியால் இறந்தார்கள். தாய்க்கு ஓரிடத்தில், மகளுக்கு வேறோரிடத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் அப்பா சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறார்கள். அவர்கள் தொழிலை வைத்தே இதை விளக்கலாம். ‘மரம் பழம் குளம் படம்’ என்று மூன்று மூன்று எழுத்தாக வாசித்து வருகிறோம். ‘பழ’ என்ற இரண்டு எழுத்து விடுபட்டது என்று வையுங்கள். எண்ணிக்கை மாறாமல் மூன்று மூன்றாகவே வாசித்தால் ‘மரம் ம்குள ம்பட ம்’ என்று வரும். பிழை ஓரிடத்தில்தான்; ஆனால் அதற்குப் பின் வருவதெல்லாம் உளறல். நம் மரபணுவும் மூன்று மூன்று எழுத்தாகத்தான் வாசிக்கப்படுகிறது. பி.ஆர்.சி.ஏ. 1 என்ற மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதை மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க அம்மையார் 1990இல் காட்டினார். 1994இல் அந்த மரபணுவே கண்டுபிடிக்கப்பட்டது. அறுந்துபோன டி.என்.ஏ. இழையைச் சரி செய்ய உதவும் புரதத்தை அது உண்டாக்குகிறது. அதாவது அதுவும் ஒரு பிழை திருத்துபவர்தான்! தென்னிந்தியக் குடும்பங்கள் சிலவற்றில் இந்த மரபணுவில் ஏ, ஜி என்ற இரண்டே எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. 1863 அமினோ அமிலங்கள் கோக்கப்பட வேண்டிய புரதம் நாற்பதைக்கூட எட்டாமல் நின்றுவிடுகிறது. ஐரோப்பிய யூதர்களிடம் முன்பே அறியப்பட்ட அதே பிழை இது. ஆனால் ஓர் இந்தியக் குடும்பத்தில் இது தனியாகவே தோன்றியிருக்கிறது என்று 2007இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடல் கடந்து யாரும் கொண்டு வரவில்லை!

மார்பகப் புற்றுநோய் எல்லாமே பரம்பரையில் வருவதில்லை. நூற்றில் ஐந்து முதல் பத்துதான் அப்படி. ஆனால் பி.ஆர்.சி.ஏ. 1 பிழையோடு பிறந்த பெண்களில், எண்பது வயதுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேருக்கு இந்நோய் வரக்கூடும். சினைப்பைப் புற்றும் வரலாம். அவர்களுக்கு வருவது பெரும்பாலும் ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ என்ற வகை. மற்ற வகைகளில் மருந்து பற்றிக்கொள்ளும் மூன்று பிடிமானங்களில் ஒன்றாவது உண்டு. இதில் மூன்றும் இல்லை.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு என் அக்காவுக்கு மார்பில் சிறு கட்டி இருந்தது. ஒரு மருத்துவமனைக்குப் போனோம். “அம்மாவுக்கு இருந்ததா? அம்மாவின் அம்மாவுக்கு? அவர் சகோதரிகளுக்கு?” என்று கேட்டார்கள். “இல்லை” என்று அம்மா சொன்னார்கள். அது உண்மைதான். அப்பா வழியை அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நல்லவேளை, அது சாதாரணக் கட்டி. ஆனால் இந்தப் பிழை தாயிடமிருந்து வருவதைப் போலவே தந்தையிடமிருந்தும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு வரும். தந்தைக்கு ஒரு நோயும் இல்லாமலே இருக்கலாம். ‘பெண்கள் நோய்’ என்று பெயர் வைத்து ஆண்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம். ஆண்களுக்கும் மார்பகப் புற்று அரிதாக வருவதுண்டு என்றால் என் வகுப்பில் சிரிக்கிறார்கள்.

அருட்சகோதரிகள் என்னை மன்னிக்க வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரமசினி என்ற இத்தாலிய மருத்துவர், கன்னியர் மடங்களில் இந்நோய் அதிகம் என்று எழுதியிருக்கிறார். அது மரபணுவால் அல்ல. பிள்ளை பெறாததும் பாலூட்டாததும் காரணம் என்று இன்று சொல்கிறார்கள். எங்கள் காய்ச்சலுக்கெல்லாம் மாத்திரை தரும் நீங்கள், உங்கள் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இதை வெளியில் சொன்னால் பெண்ணுக்கு வரன் அமையாது என்கிறார்கள் அம்மா. அது வெறும் பயமில்லை. இந்த ஊரில் அப்படித்தான் நடக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் அம்மாவோடு உடன்படவில்லை. பிழை இருப்பது தெரிந்தால் இளவயதிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்கலாம். இந்தப் பிழை உள்ளவர்களுக்கென்றே ஒலாபாரிப் போன்ற மருந்துகளும் வந்துவிட்டன. தெரியாமலிருப்பதால் அக்காவுக்கு என்ன லாபம்? மறைத்து முடிக்கும் கல்யாணத்தில், பிறகு தெரிய வந்தால் யார் தலை குனிவது?

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பரம்பரைப் புற்றுநோய்க்கென அங்கே ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. ஓர் இரவு சாப்பாட்டின்போது இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர்கள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ப்ரூஃப் என்னிடம்தானே முதலில் வரவேண்டும்” என்றார்கள். எனக்கு 18 வயதாகும்வரை பரிசோதனை கிடையாது. அக்காவுக்கு அப்பாவின் முடிவைப் பார்த்துத்தான். தை பிறந்ததும் காலண்டர் வேலை ஓயும். அப்பா சென்னைக்குப் போகிறார்கள். அக்காவின் ஜாதகம் இரண்டு வீடுகளில் இருக்கிறது. அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு