கொடை நஞ்சான வரலாறு

ஆங்கிலத்திற் ‘கிப்டு’ என்னுஞ் சொல் அன்பளிப்பைக் குறிக்கும். வடகடலைக் கடந்து செருமனி நாட்டிற் கால்வைத்தால், எழுத்து மாறாத அதே ‘கிப்டு’ நஞ்சைக் குறிக்கும். அந்நாட்டு மருந்துக் கடைகளிற் கொடிய பொருள்களைப் பூட்டி வைக்கும் பேழைக்குக் ‘கிப்டு சிராங்கு’ என்று பெயர். ஆங்கிலம் மட்டுங் கற்ற ஒருவர் அதனைப் பரிசுப்பேழையென்று எண்ணித் திறப்பாராயின் விளைவு யாதாம்? இது வெறுங் கற்பனைக் கேள்வியன்று. 1983-ஆம் ஆண்டிற்குப்பின் ஈழத்தினின்று பெயர்ந்து செருமனி, சுவிட்சர்லாந்து, நார்வே, தென்மார்க்கு முதலிய நாடுகளிற் குடியேறிய தமிழர் பல்லாயிரவர். பள்ளியில் ஆங்கிலம் பயின்று சென்றவர்க்கு, அறிந்த முகங்காட்டி ஏமாற்றுஞ் சொற்களுள் இது தலையாயது.

வடபுலத்திற் குழப்பம் இன்னும் மிகுதி. சுவீடியம், தேனியம், நார்வேயம் ஆகிய மூன்றிலும் ‘கிப்டு’ என்பது பெயர்ச்சொல்லாய் நின்றால் நஞ்சு. பெயரடையாய் நின்றால் ‘மணமான’ என்று பொருள். ஒருவரை நோக்கி ‘நீவிர் கிப்டா?’ என்று வினவினால், மணமாயிற்றா என்பதே வினா. மணவாழ்க்கையையும் நஞ்சையும் இணைத்து அந்நாட்டார் ஆடும் நகையாட்டிற்கு அளவில்லை. ஒல்லாந்தர் மட்டும் சற்று விழிப்பாயிருந்து, கொடைக்குக் ‘கிப்டு’ என்றும் நஞ்சிற்கு ஈற்றுமெய்யை விடுத்துக் ‘கிப்’ என்றும் பிரித்துக்கொண்டனர். ஐசுலாந்தியத்திலோ ‘கிப்தா’ என்பது நற்பேறு. ‘கிப்துர்’ என்பது மணமானவன்.

இவை தற்செயலாய் ஒலி ஒத்த வெவ்வேறு சொற்கள் அல்ல. யாவும் ஒரே வேரின. கொடுத்தலைக் குறிக்கும் தொல்செருமானிய வினையினின்று பிறந்த தொழிற்பெயரே இச்சொல். கொடுத்தல் என்பதே அடிப்பொருள். பெண்ணைத் தந்தை கொடுத்தலின் மணப்பொருள் வந்தது. தெய்வம் கொடுத்ததென்று கருதியமையின் நற்பேற்றுப் பொருள் வந்தது. தமிழர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? ‘கொள்வினை கொடுப்பினை’ என்பது பெண் கொண்டு கொடுக்கும் உறவைக் குறிக்கும் ஊர்வழக்கு. ‘எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை’ என்னுமிடத்து அதே சொல் நற்பேற்றைக் குறிக்கின்றது. ஐசுலாந்தியமும் தமிழும் தனித்தனியே ஒரே வழியில் நடந்துள்ளன. இதுகொண்டு இரண்டிற்கும் உறவு கற்பிக்கப் புகுவார் உளராயின், அது வேண்டாத வேலை. பெண்ணைக் கொடுத்தலும், பேற்றைக் கொடுக்கப்பட்டதாய்க் கருதலும் மாந்தர்க்குப் பொதுவான எண்ணம். பொது எண்ணம் பொதுவழியிற் சென்றது. அவ்வளவே.

எஞ்சி நிற்பது நஞ்சு. கொடைக்கும் நஞ்சிற்கும் என்ன தொடர்பு?

விடை செருமானியத்தில் இல்லை, கிரேக்கத்தில் இருக்கின்றது. கிரேக்கத்தில் ‘தோசிசு’ என்றால் கொடுத்தல். மருத்துவர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவை அச்சொல்லாற் குறித்தனர். அது பிற்கால இலத்தீனத்திற் புகுந்து, நஞ்சென்று வாய்விட்டுச் சொல்லக் கூசியவர்க்கு மறைமொழியாகவும் பயன்பட்டது. ‘நஞ்சு வைத்தான்’ என்பதற்கு மாறாகக் ‘கொடுத்தான்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போன்றது அது. செருமானியர் அவ் இலத்தீனச் சொல்லைக் கடனாகக் கொள்ளவில்லை. அதன் பொருளை மட்டும் பெற்றுத் தம் சொந்தச் சொல்லாகிய ‘கிப்டு’ என்பதன்மேல் ஏற்றிக்கொண்டனர். பழஞ்செருமானியத்திற் கொடையென்றே பொருள்பட்ட சொல், நாளடைவில் இரு பொருளுஞ் சுமந்து, இறுதியில் முதற்பொருளை இழந்தது. இன்று கொடையைக் குறிக்க அவர்க்கு வேறு சொற்கள் வேண்டியிருக்கின்றன. பழைய பொருள் ஒரே ஓரிடத்தில் ஒதுங்கியுள்ளது. மணப்பெண் தன்னொடு கொண்டுசெல்லும் பொருளுக்கு ‘மிட்கிப்டு’, அதாவது ‘உடன்கொடை’ என்று பெயர். நஞ்சும் மணக்கொடையும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது, தமிழ்நாட்டிற் பெண்ணைப் பெற்றோர்க்கு வியப்பாயிராது.

இவ்வழியிற் சென்றவர் செருமானியர் மட்டுமல்லர். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நஞ்சைக் குறிக்கும் ‘பாய்சன்’ என்பது, பருகுநீரைக் குறித்த ‘போத்தியோ’ என்னும் இலத்தீனச் சொல்லே. ‘வெனேனம்’ என்னும் இலத்தீனச் சொல் காதற்றெய்வமாகிய ‘வீனசின்’ பெயரோடு ஒருவேரினது. முதலில் அது காதலூட்டும் இடுமருந்தைக் குறித்திருத்தல் வேண்டுமென்பது மொழிநூலார் கொள்கை. கிரேக்கரின் ‘பார்மகோன்’ மருந்தையும் நஞ்சையும் ஒருங்கே குறித்தது. ஓமரின் ஒடிசியிலேயே இரு பொருளும் உள. கொல்லும் பொருளை அதன் பெயரால் அழைக்க மாந்தர் நா எங்கும் கூசியிருக்கின்றது.

தமிழிலக்கணம் இக்கூச்சத்தை நன்கறியும். நன்னூலார் தகுதிவழக்கின் வகைகளுள் ஒன்றாக மங்கலம் என்பதை வகுத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது அது. நஞ்சுடைய பாம்புகளுள் மிக அஞ்சப்படுவதொன்றை ‘நல்லபாம்பு’ என்று அழைப்பதும் அவ்வகையினதே.

ஒரு மறைமொழி அரியணை ஏறினால் பழைய சொல் என்னாகும் என்பதும் நோக்கத்தக்கது. செருமானிய இனமொழிகளில் நஞ்சிற்கு முன்னரே தனிச்சொல் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஆட்டர்’, பழஞ்செருமானியத்தில் ‘ஐத்தர்’. புதுச்சொல் தழைத்தபின், செருமனியில் அது ‘ஐட்டர்’ என்று தேய்ந்து புண்ணின் சீழை மட்டும் குறிக்கின்றது. ஆங்கிலத்தில் அடியோடு மறைந்தது எனலாம். சிலந்திக்கு ‘அட்டர்காப்’ என்றொரு பழம்பெயர் உண்டு. அதன் முதலுறுப்பு நஞ்சைக் குறித்த அச்சொல். அப்பெயரும் முன்னுறுப்பை இழந்து, சிலந்திவலையைக் குறிக்கும் ‘காப்வெப்’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ஒட்டியிருப்பதும் வாலே, தலையன்று. ஐசுலாந்தியரோ ‘எய்ட்டுர்’ என்று பழஞ்சொல்லை நஞ்சிற்கே இன்றுவரை வழங்குகின்றனர்.

இனி, ஆங்கிலத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் யகரவொலியோடு ‘யிப்டு’ என்று ஒலிக்கப்பட்டு, மணப்பெண்ணிற்காகக் கொடுக்கும் விலையைக் குறித்தது. பன்மையில் திருமணத்தையே குறித்தது. 9-ஆம் நூற்றாண்டில் தேனியர் கடல்வழி வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அவர்தம் வன்ககர ஒலி ஆங்கிலர் நாவில் ஏறிற்று. 14-ஆம் நூற்றாண்டிற் சாசர் எழுதியவற்றில் யகர வடிவம் இன்னுங் காணப்படுகின்றது. பின்னர் அது வழக்கொழிந்தது. இன்று ஆங்கிலர் ‘கிப்டு’ என்று ஒலிப்பது வந்தேறிகள் தந்த வடிவம். ‘கொடு’ என்னும் அடிப்படை வினையையே அவர்கள் அயலார் ஒலிப்பில் வழங்குகின்றனர்.

ஆகவே, ஆங்கிலத்தில் உடல் அயலது. கொடுத்தல் என்னும் உயிர் நின்றது. செருமானியத்தில் உடல் தன்னது, உயிர் அயலது. முன்னது சொற்கடன், பின்னது பொருட்கடன். சொற்கடனைக் கண்டுபிடித்தல் எளிது. வேற்றொலியே அதனைக் காட்டிக்கொடுக்கும். பொருட்கடனோ தாய்மொழிச் சட்டையணிந்து உள்ளே வருவதால், வாயிற்காவலர் கண்ணிற் படுவதில்லை.

தனித்தமிழன்பர் இவ்விடத்திற் சற்றே தயங்கி நிற்றல் நன்று. வடசொல்லும் ஆங்கிலச்சொல்லும் கலவாமல் எழுதப்பட்ட பக்கங்களிலும் ‘முடிவெடுத்தல்’, ‘ஓய்வெடுத்தல்’, ‘படமெடுத்தல்’ என்பன தாராளமாய் நடமாடுகின்றன. முடிவு செய்தலும் ஓய்ந்திருத்தலும் எங்கே போயின? ஆங்கிலர் எல்லாவற்றையும் ‘எடுப்பர்’. ஆதலின் தமிழரும் எடுக்கத் தலைப்பட்டனர். முன்னெல்லாம் படமெடுத்தது பாம்பு ஒன்றே. இச்சொற்களில் ஓரெழுத்தும் அயலதன்று. அதனாலேயே இவை களையெடுப்பிற்குத் தப்பின.

கிரேக்கத் ‘தோசிசின்’ மற்றொரு வழித்தோன்றல் தமிழ்நாட்டிற்கும் வந்து சேர்ந்துள்ளது. ஆங்கிலத்தின் வாயிலாக வந்த ‘டோசு’ அது. மருத்துவமனையில் அது மருந்தளவைக் குறிக்கும். அலுவலகத்திலோ, ‘மேலாளர் டோசு விட்டார்’ என்றால் கடிந்தார் என்று பொருள். கொடுத்தல் என்று கிரேக்கத்திற் பிறந்த சொல், செருமனியில் நிழலாய் விழுந்து நஞ்சாகி, தமிழகத்தில் வசவாகியது. ‘வேளையளவு’ என்றும் ‘கண்டிப்பு’ என்றும் சொல்ல நா எழாதோர் ஒரே டோசாற் காலந்தள்ளுகின்றனர்.

வசவிலேனும் உயிர்க்கு இடரில்லை. மற்றொரு மறைமொழி அத்தகையதன்று. பயிரிலுள்ள பூச்சிகளைக் கொல்லும் நஞ்சை உழவர் ‘பூச்சிமருந்து’ என்கின்றனர். தெளித்தல் ‘மருந்தடித்தல்’ ஆயிற்று. எலியைக் கொல்வது ‘எலிமருந்து’ ஆயிற்று. கிரேக்கர் பார்மகோன் என்றதும், இலத்தீனர் தோசிசு என்றதும் இதே கூச்சத்தின் விளைவு. ஆனால் அவர்கள் காலத்தில் அது மருத்துவன் பேழைக்குள் இருந்தது. இன்று அது நெல்லும் உப்பும் வைத்திருக்கும் அறையில், குழந்தைக் கெட்டும் உயரத்தில், மருந்து என்னும் பெயரோடு இருக்கின்றது. மருந்தாயின் கையுறை எதற்கு, முகமூடி எதற்கு என்று தெளிப்பவர் எண்ணுவதிற் பிழை காண முடியுமா? ஒருவர் அதனைக் குடித்து மாண்டபோதும் ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்றே ஊர் சொல்கின்றது. செய்தித்தாளும் அவ்வாறே அச்சிடுகின்றது.

1971-ஆம் ஆண்டின் இந்தியப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, மிகக் கொடியவற்றின் கொள்கலன்மீது செந்நிற அடையாளமும் மண்டையோட்டுப் படமும் நஞ்சு என்னும் எச்சரிக்கையும் இருத்தல் வேண்டும். அவை இருக்கின்றன. கடைக்கு வருபவர், ‘நெல்லுக்கு மருந்து வேண்டும்’ என்று கேட்கின்றார். கடைக்காரரும், ‘நல்ல மருந்து’ என்று சொல்லியே எடுத்துக் கொடுக்கின்றார்.