ஐந்து நாளில் ஐந்து பூங்கா என்னும் அபத்தம்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து யூட்டா மாநிலத்தின் செம்பாறைப் பாலைவனத்துக்குப் போகத் திட்டம் போட்டால், அது பெரும்பாலும் ஒரு எக்செல் கோப்பில்தான் போய் முடிகிறது. லாஸ் வேகாஸில் இறங்கி வாடகைக் கார். முதல் நாள் ஸயான், இரண்டாம் நாள் பிரைஸ் கேன்யன், மூன்றாம் நாள் கேபிடல் ரீஃப், நான்காம் நாள் ஆர்ச்சஸ், ஐந்தாம் நாள் விடியற்காலையில் கேன்யன்லாண்ட்ஸ், இரவு வேகாஸிலிருந்து விமானம். ஐந்து தேசியப் பூங்காக்களும் "முடிந்தது"!

முடிந்தது என்ற அந்த வார்த்தையில்தான் எல்லாக் கோளாறும் இருக்கிறது.

இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? இயற்கை சொல்லவில்லை. 2013-ல் யூட்டா மாநிலச் சுற்றுலாத் துறை "மைட்டி ஃபைவ்" என்ற பெயரில் ஒரு விளம்பரப் பிரச்சாரம் தொடங்கியது. ஐந்து பூங்காக்களும் ஒரு செட் ஆனது அப்படித்தான். சுற்றுலாத் துறை விளம்பரம் செய்வதில் தப்பில்லை, அது அவர்கள் வேலை. விளம்பரத்தை அப்படியே பயண அட்டவணையாக எடுத்துக்கொள்கிறார்களே, அதைத்தான் என்னவென்று சொல்வது!

கணக்கைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். வேகாஸிலிருந்து ஸயான் சுமார் 160 மைல். அங்கிருந்து பிரைஸ் 85 மைல். அடுத்து கேபிடல் ரீஃப் நூறு மைலுக்கு மேல். அதன்பிறகு மோவாப் என்ற சிற்றூர். ஆர்ச்சஸும் கேன்யன்லாண்ட்ஸும் அதன் பக்கத்தில்தான் இருக்கின்றன. மோவாபிலிருந்து வேகாஸ் திரும்ப மட்டும் 450 மைலுக்கு மேல், ஏறக்குறைய ஏழு மணி நேரம். எல்லாம் சேர்ந்து சுமார் 1000 மைல், அதாவது 1600 கிலோமீட்டர். பூங்காக்களுக்குள் சுற்றுவது இதில் சேராது. பாலைவனத்தைப் பார்க்கப் போகிறவர் கடைசியில் பார்ப்பது கார் கண்ணாடியைத்தான்.

சரி, அப்படிப் பறந்தாலாவது ஐந்தையும் பார்த்ததாகுமா? கேன்யன்லாண்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலராடோ, கிரீன் என்ற இரண்டு ஆறுகள் அதை மூன்று துண்டாக வெட்டிப் போட்டிருக்கின்றன. பூங்காவுக்குள் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாலம் கிடையாது. ஐலண்ட் இன் த ஸ்கை பகுதியிலிருந்து நீடில்ஸ் பகுதிக்கு வெளியே வந்து சுற்றித்தான் போக வேண்டும்; இரண்டு மணி நேரம் ஆகும். மேஸ் என்ற மூன்றாவது பகுதிக்கு ஜீப் மாதிரி வண்டியும் சில நாட்களும் வேண்டும். மேசா ஆர்ச் முன்னால் நின்று சூரிய உதயத்தைப் படம் எடுத்துவிட்டு "கேன்யன்லாண்ட்ஸ் பார்த்தாச்சு" என்பது, கோபுர வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மூலவரைக் கும்பிட்டாச்சு என்பது மாதிரி.

நேரம் வீணாவது மட்டும் என்றால் விட்டுவிடலாம். இந்த அவசரத்தில் உயிரும் போகிறது. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில், ஒடுங்கிய பாறை இடுக்குக்குள் இருந்த 11 பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது அவர்கள் தலைக்கு மேல் அல்ல, பல மைல் தள்ளி. 2015 செப்டம்பரில் ஸயானின் கீஹோல் கேன்யனில் இதே மாதிரி ஏழு பேர் இறந்தார்கள். 2024 ஜூலையில் கேன்யன்லாண்ட்ஸில் ஒரு தந்தையும் மகளும் வழிதவறி, தண்ணீர் தீர்ந்து, நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் கொதித்த வெயிலில் செத்துப்போனார்கள்.

இவர்கள் எல்லாரும் அவசரப்பட்டவர்கள் என்று சொல்லவில்லை. பாலைவனம் யாருக்கும் இடம் கொடுக்காது என்பதே விஷயம். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை வரும். வானிலை மோசமென்று ரேஞ்சர் சொன்னால், மறுநாள் போய்க்கொள்ளலாம் என்று திரும்பிவர ஒரு மறுநாள் கையில் இருக்க வேண்டும். ஐந்து நாள் அட்டவணைக்காரருக்கு அந்த மறுநாள் கிடையாது. அதனால்தான் அவர் உச்சி வெயிலில் ஒரு பாட்டில் தண்ணீரோடு டெலிகேட் ஆர்ச்சுக்கு ஏறுகிறார். போகவர ஐந்து கிலோமீட்டர், வழியில் நிழலே கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்பது அங்கே அரிச்சுவடி.

அவசரக்காரரின் கால் மண்ணையும் கெடுக்கிறது. அந்தப் பாலைவனத்தில் பாதைக்கு வெளியே கறுத்து, மேடும் பள்ளமுமாகத் தெரிவது வெறும் மண் அல்ல. நுண்ணுயிரிகளும் பாசியும் சேர்ந்து கட்டிய உயிருள்ள படலம். மண்ணைக் காற்று அடித்துப் போகாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு மிதி போதும், மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். படத்துக்கு நல்ல கோணம் கிடைக்க நாலடி தள்ளி நிற்பவருக்கு இது தெரியாது. சொல்லும் பலகையைப் படிக்க அவருக்கு நேரமும் இல்லை.

எட்வர்ட் அப்பி 1950-களில் ஆர்ச்சஸில் ரேஞ்சராக இருந்தவர். பூங்காக்களுக்குள் கார்களே கூடாது என்று 1968-ல் வெளியான 'டெஸர்ட் சாலிட்டேர்' நூலில் வாதாடினார். கிறுக்குத்தனம் என்று தோன்றலாம். ஆனால் 2000-லிருந்து ஸயானின் முக்கியப் பள்ளத்தாக்குச் சாலையில் ஆண்டின் பெரும்பகுதி ஷட்டில் பஸ்தான், பொதுமக்களின் காருக்கு அனுமதியில்லை. 2021-ல் ஸயானுக்கு வந்தவர்கள் 50 லட்சம் பேர். 2022-லிருந்து ஏஞ்சல்ஸ் லாண்டிங் ஏறக் குலுக்கலில் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். கிறுக்கர் சொன்னதில் பாதி நடந்துவிட்டது!

"இருப்பதே நாலு நாள் லீவு, மறுபடி எப்போது வரப்போகிறோம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லீவு குறைவு என்பது கார் ஓட்டுவதைக் குறைக்கத்தான் காரணம், கூட்ட அல்ல. விருந்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்று ஐந்து வீட்டுப் பந்தியில் ஒவ்வொரு வாய் சாப்பிடுவாரா யாராவது?

வரைபடமே வழி சொல்கிறது. தென்மேற்கில் ஸயானும் பிரைஸும் ஒரு ஜோடி. கிழக்கே மோவாபை ஒட்டி ஆர்ச்சஸும் கேன்யன்லாண்ட்ஸும் இன்னொரு ஜோடி. ஒரு பயணத்துக்கு ஒரு ஜோடி போதும். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம். நடுவிலிருக்கும் கேபிடல் ரீஃபில் மார்மன் குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. பருவத்தில் போனால் பழம் பறித்துத் தின்னலாம். அட்டவணைக்காரர்கள் மணிக்கு அறுபது மைலில் கடந்துபோகும் இடம் அது.

ஸயானின் செங்குத்துப் பாறைகள் ஒரு காலத்தில் மணல்மேடுகள். ஜுராசிக் காலத்துக் காற்று அடுக்கிய சாய்ந்த கோடுகள் இன்றும் அவற்றில் தெரிகின்றன. அந்தப் பாறை காலையில் ஒரு நிறம், உச்சியில் ஒரு நிறம், அந்தியில் ஒரு நிறம். மூன்றையும் பார்க்க ஒரே இடத்தில் ஒரு முழு நாள் இருந்தாக வேண்டும். எக்செல் கோப்பில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.