பாம்பு வளர்க்கும் மோகம்

2017ஆம் வருஷ ஆரம்பத்தில் அமெரிக்காவின் ப்ளோரிடா மாகாணத்தார், தமது சதுப்புக் காடுகளில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துத் தரும்படி தமிழ்நாட்டு இருளர் இருவரை வரவழைத்தனர். மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் அவ்விருவரும் முதல் எட்டு தினங்களிலேயே 13 பாம்புகளைப் பிடித்தனர். 2023ல் இந்திய சர்க்கார் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருதளித்துக் கௌரவித்தனர். நம்மவர் கீர்த்தியில் நாம் மகிழ்வது இயல்பே. ஆயினும், அப்பாம்புகள் அங்கே வந்தது எவ்வாறு என்று நம்மில் எத்தனை பேர் வினவினோம்?

அவை பர்மா தேசத்து மலைப்பாம்புகள். செல்லப் பிராணிகளாக விற்பதற்கென்று இறக்குமதியானவை. குட்டியாய்க் கையில் சுருண்டு கிடந்தவை சில வருஷங்களில் பத்தடிக்கு மேல் நீளவே, வளர்த்தோர் அவற்றைக் காட்டில் விட்டனர். சில கூண்டினின்றும் தப்பின. அவை பெருகிய பிரதேசத்தில் ரக்கூன் என்னும் சிறு மிருகம் தென்படுவது 99 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டதென 2012ல் வெளியான ஆராய்ச்சியொன்று கூறிற்று. அவ்வருஷமே அமெரிக்க சர்க்கார் அப்பாம்பின் இறக்குமதியைத் தடுத்தனர். வெள்ளம் வந்த பின் போட்ட அணை அது!

அந்த மோகம் இன்று நமது நகரங்களிலும் புகுந்துவிட்டது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரே பிரயாணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் அகப்பட்டன. இவ்வாறு கடத்தப்படுவனவற்றில் அடிக்கடி காணப்படுவது, அஞ்சினால் பந்தாகச் சுருளும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு. விஷமற்றது, சாது, நான்கைந்து அடிக்கு மேல் வளர்வது அரிது. ஆகவே புதிதாய் வளர்ப்போருக்கு ஏற்றதென்பர். மெய்தான். ஆனால் அது 20, 30 வருஷம் உயிர் வாழும். கூண்டின் ஒரு புறம் சுமார் 32 டிகிரி உஷ்ணமும், மறு புறம் குளிர்ச்சியும், ஒளிந்துகொள்ள மறைவும் வேண்டும். இரையோ எலி, சில வேளை மாதக்கணக்கில் அதையும் தொடாது. காட்டில் பிடித்துப் பெட்டியில் அடைத்து வந்த பாம்பு உண்ண மறுத்து, உண்ணியும் புழுவும் பற்றி மடிவதும் உண்டு. ஆதலின் நிறத்தைப் பார்த்து வாங்குவது பேதைமை. அது எங்கே பிறந்தது, என்ன தின்கிறது, எந்தத் தஸ்தாவேஜுடன் வந்தது என்பவையே வாங்குவோன் கேட்க வேண்டிய கேள்விகள்.

சட்டம் என்ன செய்கிறது? நமது நாட்டு நாகத்தையும் மலைப்பாம்பையும் வீட்டில் வைப்பது 1972ஆம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்நிய நாட்டு இனங்களைப் பற்றியோ வெகு காலம் தெளிவில்லை. 2020ல் சர்க்கார், ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவிப்போரிடம் வந்த வழிக்கு ஆதாரம் கேட்பதில்லையென்று சலுகை அளித்தனர். கணக்கெடுப்புக்கு அது உதவியிருக்கலாம். கள்ளச் சரக்குக்கும் அது கதவு திறந்தது என்பதே நமது அபிப்பிராயம். 2022ல் திருத்திய சட்டமும் 2024ஆம் வருஷத்து விதிகளும் சர்வதேச ஒப்பந்தத்தில் அடங்கிய இனங்களைப் பதிவு செய்தே ஆகவேண்டுமென்கின்றன. இது நல்ல மாறுதல். ஆனால் பதிவேட்டில் பெயர் எழுதுவதோடு அதிகாரிகள் திருப்தியடையலாகாது. பிறப்பிடத்துக்குச் சான்று கேட்க வேண்டும். வளர்க்க இயலாதோர் ஒப்படைக்க ஓர் இடமும் காட்ட வேண்டும். இடமில்லையேல் அவர்கள் ஏரிக்கரையைத் தேடுவார்கள்.

பாம்பு பிடிக்க வல்லார் நம்மிடம் உளர். அவர்களுக்கு நமது ஏரிகளிலேயே வேலை கொடுக்கும் நாள் வராதபடி இன்றே விழித்துக்கொள்வது நம் கடமை.