வாரம் ஒரு படம் சரி, எந்த ஊரு, எந்த வருஷம்?

வாரம் முழுக்க ஆணி புடுங்கிட்டு, சனி ஞாயிறு கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்பறவங்க நாம. வாராவாரம் ஆளுக்கொரு படம் பகிர்ந்துக்கறதுல ஒரு சந்தோஷம். நான் குன்னூர்க்காரன்ங்கறதால நீலகிரி படம் வந்தா கொஞ்சம் உன்னிப்பாவே பார்ப்பேன். தேயிலைத் தோட்டம், மூடுபனி, வளைவில் திரும்பும் மலை ரயில். அழகுதான், மறுக்கலை. ஆனா பெரும்பாலான படத்துல ஊர் பேரும் இல்லை, தேதியும் இல்லை. "அழகிய ஊட்டி"ன்னு ஒரு வரி, அவ்ளோதான்.

இந்த மலைக்கும் புகைப்படத்துக்கும் உறவு பழசு மக்கா. பென் என்பவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஊட்டியில் தொழில்முறைப் புகைப்படக்காரரா இருந்தார். அந்தக் காலத்து ஊட்டியையும் தோடர் குடியிருப்புகளையும் இன்னிக்கு நாம பார்க்க முடியறதுக்கு அவர் மாதிரி ஆட்கள் எடுத்த படங்கள் ஒரு காரணம். அப்புறம் மத்திய அரசின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் இங்கேதான் உற்பத்தியைத் தொடங்குச்சு. 'இந்து' ஃபிலிம் அங்கே தயாரானதுதான். ஆலை மூடியாச்சு, இந்து நகர்ங்கற பேரு மட்டும் நிக்குது.

ஃபிலிம் காலத்துல ஒரு சுருளுக்கு 36 படம். பிரிண்ட் போட்டதும் பின்னாடி பேனாவால ஊரும் வருஷமும் எழுதற வழக்கம் பல வீடுகள்ல உண்டு. இப்ப அதைக் கேமராவே கோப்புக்குள்ள எழுதிடுது. ஆனா வாட்ஸ்அப்ல சாதாரணமா படம் அனுப்பினா அந்தத் தகவல் எல்லாம் கழண்டு போயிடும். மிஞ்சறது வெறும் பச்சை.

இது ஏன் முக்கியம்? 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிவுல 40 பேருக்கு மேல செத்துப்போனாங்க. சரிவை வெட்டிக் கட்டடம் கட்டறது, ஓடையை மறிக்கறது, மரம் போறது எல்லாம் ஒரே நாள்ல நடக்கறதில்லை. ஒரே இடத்துல நின்னு வருஷா வருஷம் எடுத்த படம் இருந்தா, வெறும் கண்ணுக்கே மாற்றம் தெரியும். "இங்கே முன்னாடி ஓடை இருந்துச்சு"ன்னு வாயால சொன்னா எவனும் நம்பமாட்டான். தேதி போட்ட படத்தைக் காட்டினா பேச்சே வேற.

அதனால என் கருத்து இதுதான். நாலு வாரத்துல மூணு வாரம் உங்க இஷ்டத்துக்கு எடுங்க. ஒரு வாரம் மட்டும் உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே சரிவு, ஒரே வளைவு, ஒரே இடத்துல நின்னு எடுங்க. கேத்தியோ கோத்தகிரியோ, ஊர் பேரும் தேதியும் படத்துக்குக் கீழயே எழுதிடுங்க. நிறத்தை ஏத்தி இறக்காம அப்படியே போடுங்க.

ஒரே ஒரு விதிவிலக்கு. பறவைக்கூடு, புலி, அரிய பூ இதுக்கெல்லாம் இடம் சொல்லாதீங்க. கூட்டம் கூடினா பாதிப்பு அதுகளுக்குத்தான். கொழுந்து பறிக்கற அக்காவை எடுக்கறதா இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க.

'சூப்பர் ஷாட்'னு பாராட்டு வராதுதான். பரவாயில்லை. இருபது வருஷம் கழிச்சு யாராவது தேடற படம் அதுவாத்தான் இருக்கும். என்ன சொல்றீங்க மக்களே?